ஆஃப்ரோடு வண்டியில் இரண்டாவது பேட்டரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொல்வதெல்லாம் 12 வோல்ட் வண்டிகளுக்கு. எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி முதல் பேட்டரி. ஃபிரிட்ஜ், விளக்கு, லேப்டாப் ஓட்டத் தனியாக வைப்பது இரண்டாவது. ஏஎச் என்றால் ஆம்பியர்-மணி. வயர் அளவு எல்லாமே உள்ளிருக்கும் செம்பின் குறுக்குப் பரப்பு, சதுர மி.மீ. கணக்கில்.

இரண்டாவது பேட்டரி எனக்கு வேண்டுமா, வேண்டாமா?

எஞ்சினை நிறுத்திய பிறகு இரவு முழுக்க என்ன ஓடப்போகிறது என்று பாருங்கள். இரண்டு எல்இடி விளக்கு, நாலு போன் சார்ஜ் என்றால் வேண்டாம். இருக்கிற பேட்டரியே தாங்கும். கம்ப்ரெசர் ஃபிரிட்ஜ் ஓடுகிறது, காலையில் செல்ஃப் எடுக்குமா என்ற பயத்தோடு தூங்குகிறீர்கள் என்றால் வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறைதான் காட்டுக்குப் போகிறீர்களென்றால், வண்டியில் எதையும் துளைக்காமல் கையில் தூக்கிச் செல்லும் பவர் ஸ்டேஷன் பெட்டி ஒன்றை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

முதல் பேட்டரியையே பெரிதாக மாற்றினால் போதாதா?

போதாது. ஸ்டார்ட்டர் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம். சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிட்டு உடனே நிரம்புவதற்காகச் செய்தவை. பாதி வரை இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி ஓட்டினால் தகட்டுப் பூச்சு உதிர்ந்து சீக்கிரமே உயிரை விடும். டீப் சைக்கிள் பேட்டரிக்குத் தகடு தடிமன். அது அந்த வேலைக்கே பிறந்தது.

எத்தனை ஏஎச் வாங்குவது?

கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். 40 லிட்டர் ஃபிரிட்ஜ் ஓடும்போது சுமார் 4.5 ஆம்பியர் இழுக்கிறது, மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் கம்ப்ரெசர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், 24 மணி நேரத்துக்கு 36 ஏஎச். வெயில் கொளுத்தினாலோ மூடியை அடிக்கடி திறந்தாலோ இது 50-ஐத் தொடும். 10 வாட் விளக்கு 5 மணி நேரம் எரிந்தால் 4 ஏஎச். போன், கேமரா, சின்ன மின்விசிறி எல்லாம் சேர்த்து இன்னொரு 10. ஆக, ஒரு நாளைக்கு 50 முதல் 65 ஏஎச்.

இப்போது பேட்டரியின் பக்கம் பாருங்கள். ஏஜிஎம் பேட்டரியில் (ஆசிட் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் ஈய பேட்டரி) பாதியைத்தான் எடுக்க வேண்டும். 100 ஏஎச் என்று எழுதியிருந்தால் கைக்கு வருவது 50. லித்தியத்தில் (இங்கே லித்தியம் என்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை மட்டுமே) 80 வரை தாராளமாக எடுக்கலாம். வண்டியை நகர்த்தாமல் ஒரே இடத்தில் இரண்டு நாள் தங்குபவர்கள் பெரிய பேட்டரியைத் தேடுவதற்கு முன் சோலாரைப் பற்றி யோசியுங்கள். எடுத்ததைத் திரும்ப நிரப்ப வழியில்லாத பேட்டரி எத்தனை பெரிதாக இருந்தாலும் மூன்றாம் நாள் வெறும் எடைதான்.

ஏஜிஎம்மா, லித்தியமா, சாதாரண தண்ணி பேட்டரியா?

தண்ணி பேட்டரி சூட்டைத் தாங்கும், பானெட்டுக்குள் வைக்கலாம். ஆனால் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு விடும் என்பதால் ஆள் உட்காரும் இடத்தில் வைக்கவே கூடாது.

ஏஜிஎம் சீல் செய்தது, ஆசிட் சிந்தாது, பின்பக்கம் வைக்கலாம். 100 ஏஎச் ஏஜிஎம் ஏறத்தாழ 30 கிலோ. கடைசி 20 சதவீதம் ஏற மணிக்கணக்கில் நேரம் எடுக்கும். தினம் இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டுபவரின் ஏஜிஎம் ஒருநாளும் முழுதாக நிரம்பாது. பாதி நிரம்பியே கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து கொள்ளளவு சுருங்கும். இரண்டு வருடத்தில் பேட்டரி போய்விட்டது என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இதுதான்.

லித்தியம் அதே 100 ஏஎச்சுக்கு 11 முதல் 13 கிலோ. கொடுத்த ஆம்பியரைக் கிட்டத்தட்ட கடைசிவரை வாங்கிக்கொள்ளும். இரண்டு எச்சரிக்கை: எஞ்சினின் சூடு இதற்கு ஒத்துவராது; செல்லின் வெப்பம் 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றக்கூடாது, ஏற்றினால் உள்ளே உலோக லித்தியம் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். பனிப் பிரதேசம் போகிறவர்கள் குளிரில் சார்ஜைத் தானே துண்டிக்கும் பிஎம்எஸ் (பேட்டரிக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு மின்சுற்று) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டு பேட்டரிகளையும் எதைக் கொண்டு இணைப்பது?

நாலைந்து வழி உண்டு. கையால் திருப்பும் சுவிட்ச் மலிவு. ஆனால் இரவில் அணைக்க ஒரே ஒருமுறை மறந்தால் காலையில் இரண்டு பேட்டரியும் காலி. கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு ஐசோலேட்டர் 0.6 வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடும்; ஆல்டர்னேட்டர் (எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தருவது) 14.2 கொடுத்தால் பேட்டரிக்கு 13.5 தான். அதை மறந்துவிடலாம். இக்னிஷனில் இயங்கும் சாலினாய்டு ரிலே (தானே திறந்து மூடும் சுவிட்ச்) எளிமையானது, ஆனால் சாவி போட்ட கணமே இரண்டையும் சேர்த்துவிடும். ஸ்டார்ட்டர் இழுக்கும் பெரிய கரண்ட் இரண்டாவது பேட்டரியின் மெல்லிய வயர் வழியாகவும் பாயப் பார்க்கும்.

மீதி இரண்டுதான் இன்று பேச்சுக்கு உரியவை.

விஎஸ்ஆர் என்பது வோல்ட்டைப் பார்த்து இயங்கும் ரிலே. முதல் பேட்டரி சுமார் 13.3 வோல்ட்டைத் தொட்டதும் இணைக்கும், 12.8-க்கு இறங்கியதும் பிரிக்கும். பழைய, நிலையான 14 வோல்ட் கொடுக்கும் ஆல்டர்னேட்டர், பானெட்டுக்குள்ளேயே இரண்டாவது பேட்டரி, அதுவும் தண்ணி பேட்டரி என்றால் இதுவே போதும். கெட்டுப்போகப் பெரிதாக எதுவும் இல்லை.

டிசி-டிசி சார்ஜர் வெறும் சுவிட்ச் அல்ல. உள்ளே வருவது 12.4 ஆனாலும் 15 ஆனாலும், வெளியே உங்கள் பேட்டரி வகைக்குத் தேவையான 14.2-ஓ 14.6-ஓ கொடுக்கும். பேட்டரி பின்பக்கம் இருந்தாலும், லித்தியம் என்றாலும், ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் (வோல்ட்டை எஞ்சின் கணினி ஏற்றி இறக்கும் வகை) என்றாலும் வேறு யோசனையே வேண்டாம், இதுதான்.

லித்தியத்துக்கு விஎஸ்ஆர் போட்டால் என்ன ஆகும்?

லித்தியம் சும்மா இருக்கும்போதே 13.2, 13.3 காட்டும். விஎஸ்ஆர் பிரிய வேண்டிய 12.8-க்கு அது சீக்கிரத்தில் வராது. எஞ்சின் நின்ற பிறகும் ரிலே மூடியபடியே இருக்கும். நீங்கள் தனித்தனி என்று நினைத்த இரண்டு பேட்டரிகளும் விடிய விடிய ஒன்றாகவே இறங்கும்.

இன்னொன்று: லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு. நேராக இணைத்தால் ஆல்டர்னேட்டரிடம் இருப்பதையெல்லாம் உறிஞ்சும். ஐடிலில் நிற்கும்போது ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். முழு லோடு, குறைந்த காற்று என்றால் சுருள் கருகும். பிஎம்எஸ் நடுவில் சட்டென்று துண்டித்தால் எழும் வோல்ட் எகிறல் வண்டியின் மற்ற எலக்ட்ரானிக்ஸையும் பதம் பார்க்கலாம்.

என் வண்டியில் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

மல்டிமீட்டரை முதல் பேட்டரியில் வையுங்கள், அல்லது டாஷ்போர்டு சாக்கெட்டில் வோல்ட் மீட்டர் ஒன்றைச் செருகி அரை மணி நேரம் ஓட்டுங்கள். 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் நின்றால் பழைய வகை. சமதளத்தில் போகும்போது 12.5 பக்கம் விழுந்து, காலை எடுத்து வண்டி வேகம் குறையும்போது 14.8, 15 என்று ஏறினால் ஸ்மார்ட். எரிபொருள் மிச்சம் பிடிக்க எஞ்சின் கணினி அப்படி ஆட்டுவிக்கிறது. இந்த வண்டிகளில் டிசி-டிசி சார்ஜருக்கு இக்னிஷன் சிக்னல் வயரைக் கட்டாயம் கொடுங்கள். வோல்ட்டைப் பார்த்தே எஞ்சின் ஓடுகிறது என்று சார்ஜர் யூகித்தால், 12.5 வந்ததும் எஞ்சின் நின்றுவிட்டது என்று நினைத்து அது தூங்கிவிடும்.

எத்தனை ஆம்பியர் சார்ஜர்?

100 ஏஎச் பேட்டரிக்கு 20 முதல் 30 ஆம்பியர். ஏஜிஎம் தயாரிப்பாளர் சொல்லும் அதிகபட்ச அளவைத் தாண்டாதீர்கள். 25 ஆம்பியர் சார்ஜர் வெளியே கொடுக்கும்போது உள்ளே 32 ஆம்பியர் வரை இழுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். வயரும் ஃபியூஸும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் தேர்வாக வேண்டும்.

வயர் எவ்வளவு தடிமன் வேண்டும்?

சூத்திரம் எளிது: போக வர மொத்த நீளத்தை மீட்டரில் எடுத்து, ஆம்பியரால் பெருக்கி, 0.0175-ஆல் பெருக்கி, சதுர மி.மீ.ஆல் வகுத்தால் வழியில் தொலையும் வோல்ட் கிடைக்கும்.

பானெட்டிலிருந்து பின்பக்கம் 5 மீட்டர் என்று வையுங்கள். போக வர 10 மீட்டர், 32 ஆம்பியர். 6 சதுர மி.மீ. போட்டால் 0.93 வோல்ட் காணாமல் போகும். 16 போட்டால் 0.35. 25 போட்டால் 0.22. எதிர் முனை சேஸிஸ் வழியாகத் திரும்பினால் இதில் ஏறத்தாழ பாதிதான். விஎஸ்ஆர் வைத்திருப்பவருக்கு 0.93 என்றால் 14.2 போய் 13.3 ஆகிவிடும், அந்த ஏஜிஎம் வாழ்நாளில் நிரம்பாது. டிசி-டிசி சார்ஜர் இழப்பை ஈடுகட்டிக்கொள்ளும், ஆனால் அதற்காக இன்னும் அதிக ஆம்பியர் இழுத்து வயரைச் சூடாக்கும். 25 ஆம்பியர் சார்ஜருக்கு 16 சதுர மி.மீ. என்று முடிவு செய்துவிட்டால் பிறகு வருத்தப்பட வேண்டியிருக்காது.

கடையில் இரண்டு இடத்தில் ஏமாறலாம். சில ஆட்டோ வயர்களில் "6 மி.மீ." என்பது பிளாஸ்டிக் உறையோடு சேர்த்த விட்டம், உள்ளே செம்பு 5 சதுர மி.மீ. கூட இருக்காது. அடுத்தது, செம்பு முலாம் பூசிய அலுமினிய கேபிள். ஒரு முனையில் உறையைச் சீவி, இழை ஒன்றைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்; உள்ளே வெள்ளையாக மின்னினால் அலுமினியம். செம்பைவிட எடை குறைவு, தடை அதிகம், அதிர்வில் முறியும். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஃபியூஸ் எங்கே, எத்தனை?

இரண்டு பேட்டரியின் பிளஸ் முனைக்கும் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள். ஒன்று போதாது: நடுவில் வயர் உரசி பாடியில் பட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் கரண்ட் பாயும். முதல் பேட்டரிப் பக்கம் மட்டும் ஃபியூஸ் போட்டிருந்தால் இரண்டாவது பேட்டரி அந்த வயரை எரித்து முடித்துவிடும்.

ஃபியூஸ் காப்பது வயரை, கருவியை அல்ல. அதனால் வயர் தாங்கும் ஆம்பியருக்குக் கீழேயும், வழக்கமான இழுவைக்கு மேலேயும் இருக்க வேண்டும். மேலே சொன்ன 25 ஆம்பியர் சார்ஜருக்கு, 16 சதுர மி.மீ. வயரோடு, உள்வழியில் 40 ஆம்பியர் ஃபியூஸ். சார்ஜரின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே போடுங்கள். தானே திரும்ப இணைந்துகொள்ளும் மலிவான சர்க்யூட் பிரேக்கரை இந்த இடத்தில் வைக்காதீர்கள். ஷார்ட் ஆன வயருக்கு அது மறுபடி மறுபடி கரண்ட் கொடுக்கும். பெரிய லித்தியம் பேட்டரிக்கு, ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஷார்ட் கரண்டையும் அறுக்கக்கூடிய கிளாஸ் டி (Class T) வகை ஃபியூஸ் நல்லது.

பேட்டரியை எங்கே வைப்பது?

பானெட்டுக்குள் இடம் இருந்தால் வயர் நீளம் குறையும், ஆனால் சூடு. ஈய பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பழகிய கணக்கு. பின்பக்கம், சீட்டுக்கு அடியில், பிக்கப் என்றால் தொட்டியில் வைக்கலாம்.

பேட்டரி உட்காரும் தட்டை 1 மி.மீ. தகட்டில் ரிவெட் அடித்து நிறுத்தாதீர்கள். 30 கிலோ எடை, அலை அலையான மண் ரோடு, நாள் முழுக்கக் குலுக்கல். தகடு முதலில் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விட்டு, பிறகு கிழியும். எம்8 போல்ட், அடியில் அகலமான வாஷர் அல்லது தாங்கு தகடு, முடிந்தால் சேஸிஸ் தூணோடு சேர்த்து. மேல் பிடியை இறுக்குகிறேன் என்று பேட்டரிப் பெட்டியையே பிதுக்கிவிடவும் வேண்டாம். துளை போடுவதற்கு முன் அடியில் படுத்து, மறுபக்கம் பெட்ரோல் டேங்க்கோ பிரேக் லைனோ இல்லை என்று கண்ணால் பாருங்கள்.

எர்த்தை எங்கிருந்து எடுப்பது?

பின்பக்க பேட்டரிக்குப் பக்கத்தில் சேஸிஸில். பெயின்ட்டைச் சுரண்டிப் பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். வயர் பிளஸ்ஸின் அதே தடிமன். முதல் பேட்டரியின் மைனஸ் முனையில் சின்ன சென்சார் பெட்டி ஒட்டியிருந்தால் எதையும் அந்தப் பேட்டரி முனையில் நேராக மாட்டாதீர்கள்; சென்சாரைத் தாண்டி, சேஸிஸ் பக்கத்தில் மாட்டுங்கள். இல்லையென்றால் வண்டிக் கணினியின் சார்ஜ் கணக்கு தப்பாகும்.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

முதல் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். இரண்டாவது பேட்டரியின் தட்டைப் பொருத்துங்கள். கேபிளை ஓட்டுங்கள்: சைலன்சரிலிருந்தும் சுழலும் பாகங்களிலிருந்தும் தள்ளி, முழு நீளமும் நெளிகுழாய்க்குள், ஃபயர்வால் துளையில் ரப்பர் குரோமெட், அடிக்கு ஒரு கட்டு. ஏர்பேக் வயர்களின் பக்கம் போகாதீர்கள். வயர் முனைகளில் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) அடித்து, சார்ஜர், எர்த், கடைசியாக பேட்டரி முனைகள். ஃபியூஸ்களை எல்லாம் முடிந்த பிறகுதான் செருக வேண்டும், முதல் பேட்டரிப் பக்கம் கடைசி.

லக்கை ஈயம் வைத்துப் பற்ற வைக்கலாமா?

வேண்டாம். ஈயம் இழைகளுக்குள் ஊறி ஏறி வயரை விறைப்பாக்கும். அது முடியும் இடத்தில் அதிர்வில் வயர் ஒடியும். லக்கை வயரோடு நசுக்கி இறுக்கும் அறுகோண ஹைட்ராலிக் கிரிம்ப் கருவி, மேலே பசையுள்ள சுருங்கு குழாய். கிரிம்ப் செய்ததும் முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் நல்லதுதான், மேஜையிலேயே வந்தது.

சரியாகப் போட்டிருக்கிறேனா என்று எப்படிச் சோதிப்பது?

இரண்டாவது பேட்டரியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு எஞ்சினை ஓட்டுங்கள். சார்ஜர் முழு ஆம்பியரில் ஓடும்போது மல்டிமீட்டரின் சிவப்பு முனையை முதல் பேட்டரியின் பிளஸ்ஸிலும், கறுப்பை சார்ஜரின் உள்வழி பிளஸ்ஸிலும் வையுங்கள் (மீட்டர் வயர் எட்டாது, ஒரு துண்டு வயரை நீட்டிக்கொள்ளுங்கள்). 0.2 வோல்ட்டுக்குள் என்றால் நிம்மதி. 0.5 என்றால் எங்கோ ஒரு இணைப்பு சரியில்லை. அதே முனையை நகர்த்தி ஃபியூஸின் இரு பக்கம், லக்கின் இரு பக்கம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எண் குதிக்கிற இடம்தான் கோளாறு. எர்த் பக்கமும் இதே மாதிரி. பிறகு 20 நிமிடம் ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு கூடாது.

பேட்டரி நிரம்பியிருந்தும் நடு ராத்திரியில் ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது. ஏன்?

பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் ஃபிரிட்ஜுக்குப் போகும் வயரைப் பாருங்கள். 4 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. வயர் என்றால் 5 ஆம்பியரில் 0.47 வோல்ட் தொலைகிறது, பேட்டரி 12.2 காட்டும்போது ஃபிரிட்ஜுக்குத் தெரிவது 11.7. கம்ப்ரெசர் கிளம்பும் நொடியில் இன்னும் கீழே. குறைந்த வோல்ட் பாதுகாப்பு "ஹை"யில் இருந்தால் அணைந்துவிடும். 6 சதுர மி.மீ. வயர் போட்டு, சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்குப் பதில் பூட்டுகிற வகை பிளக் வையுங்கள். லைட்டர் சாக்கெட்டில் ஸ்பிரிங் தொடுமுனை, குலுக்கலில் விலகும். தனி பேட்டரியில் ஓடும்போது பாதுகாப்பு அமைப்பை "லோ"வில் வைக்கலாம். ஆனால் ஏஜிஎம்மைத் தினமும் அதுவரை இறக்கினால் அதன் ஆயுள்தான் குறையும்.

விஎஸ்ஆர் டிக் டிக்கென்று விடாமல் அடிக்கிறது.

காலியான பேட்டரியை இணைத்ததும் வோல்ட் விழுகிறது, பிரிக்கிறது, ஏறுகிறது, மறுபடி இணைக்கிறது. பெரும்பாலும் ரிலேயின் எர்த் வயர் தளர்ந்திருக்கும், அல்லது முதல் பேட்டரிப் பக்கக் கேபிள் மெல்லியது. விட்டுவைத்தால் உள்ளே தொடுமுனைகள் கருகி ஒட்டிக்கொள்ளும்.

ஃபியூஸ் எரியவில்லை, ஹோல்டர் உருகிவிட்டது.

தளர்ந்த இணைப்பு. ஃபியூஸ் பார்ப்பது மொத்தக் கரண்டை. ஒரு நட்டுக்கு அடியில் உண்டாகும் சூடு அதற்குத் தெரியாது. ஹோல்டரைத் திறந்தால் ஒரு பக்க போல்ட்டைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும். பெரிய ஃபியூஸ் போட்டால் சரியாகாது. ஹோல்டர், லக் இரண்டையும் மாற்றுங்கள்.

லித்தியம் பேட்டரி 0 வோல்ட் காட்டுகிறது, செத்துவிட்டதா?

அநேகமாக இல்லை. ஆழமாக இறங்கியதும் பிஎம்எஸ் வாசலைச் சாத்தியிருக்கும். லித்தியம் அமைப்புள்ள சார்ஜர் அல்லது சோலாரை இணைத்தால் விழித்துக்கொள்ளும்.

வின்ச்சை (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டார்) எந்தப் பேட்டரியில் இணைப்பது?

முதல் பேட்டரியில், எஞ்சின் ஓடும்போது. முழு இழுவையில் வின்ச் 400 ஆம்பியருக்கு மேல் கேட்கும். டிசி-டிசி சார்ஜர் அதற்கு வழியே அல்ல, பல லித்தியம் பேட்டரிகளின் பிஎம்எஸ்ஸும் 100 ஆம்பியரிலேயே கையை விரிக்கும்.

முதல் பேட்டரி இறங்கிவிட்டால் இரண்டாவதை வைத்து ஸ்டார்ட் செய்யலாமா?

டிசி-டிசி சார்ஜர் வழியாக முடியாது, அது ஒருவழிப் பாதை. விஎஸ்ஆரில் ஓவர்ரைடு சுவிட்ச் இருக்கலாம், ஆனால் கேபிளும் ஃபியூஸும் ஸ்டார்ட்டரின் நூற்றுக்கணக்கான ஆம்பியருக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். 40 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக முயன்றால் ஃபியூஸ்தான் போகும். நல்ல ஜம்ப் கேபிள் ஒரு ஜோடி வண்டியில் கிடக்கட்டும். லித்தியத்திலிருந்து நேராக ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

சோலாரைச் சேர்க்கலாமா?

தாராளமாக. 100 வாட் பேனல் நல்ல வெயிலில் 5 முதல் 6 ஆம்பியர், நாள் முழுதும் சேர்த்து 25 முதல் 30 ஏஎச் தரும். மேலே பார்த்த ஃபிரிட்ஜ் கணக்கோடு ஒப்பிட்டால் 200 வாட் இருந்தால் அதன் தேவையைச் சமாளித்துவிடும். எம்பிபிடி கன்ட்ரோலரை (பேனலிலிருந்து முடிந்த அளவு அதிக சக்தியை எடுத்து பேட்டரிக்கு ஏற்றபடி கொடுப்பது) வாங்குங்கள். பல டிசி-டிசி சார்ஜர்களில் அது உள்ளேயே இருக்கிறது. பேனலைக் கன்ட்ரோலர் இல்லாமல் பேட்டரியில் நேராக மாட்டக்கூடாது.

வண்டி சில மாதம் நிற்கப்போகிறது, என்ன செய்ய?

ஏஜிஎம்மை முழுதாக நிரப்பிவிட்டு மைனஸைக் கழற்றுங்கள். மாதம் ஒருமுறை அளந்து 12.5-க்குக் கீழே போனால் ஏற்றுங்கள். லித்தியத்தை நிரப்பி வைக்காதீர்கள், பாதிக்குச் சற்று மேலே விட்டுக் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது எல்லா நட்டையும் ஒருமுறை ஸ்பேனரால் தொட்டுப் பாருங்கள்; முதல் கரடுமுரடான பயணம் முடிந்ததும் இதையே செய்ய வேண்டும், அப்போது ஒன்றிரண்டாவது அரைச் சுற்று தளர்ந்திருக்கும்.